கடலோடி எழுதிய மலைநாட்டு நூல்

கடல் கடந்து பொருளீட்டும் முயற்சி தமிழர்க்குப் புதியதன்று. ஔவையார் அதனை இளையோர்க்கு ஓதும் அறங்களுள் ஒன்றாகவே வைத்தார். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பண்டங்களை அவை பிறந்த நாடும் மலையும் சுட்டி எடுத்துரைக்கின்றது. மரக்கலஞ் செய்தற்குரிய மரங்களையும் அளவுகளையும் நன்னாள்களையும் கூறும் கப்பல் சாத்திரம், நெடுங்காலம் சுவடியாகக் கிடந்து, 1950ஆம் ஆண்டிற் சென்னையில் அச்சேறியது. ஆயினும், கடற்செலவு, இயற்கையறிவு, வாணிகம் என்னும் மூன்றையும் ஒரே நூலிற் பிணைத்து, அந்நூலை அச்சிட்டுப் பரப்பும் வழக்கம் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியரிடையே ஓங்கி வளர்ந்தது. கார்சியா தா ஓர்த்தா என்னும் போர்த்துக்கேய மருத்துவர் கீழைநாட்டு மருந்துப் பொருள்களைப் பற்றி 1563இற் கோவாவில் அச்சிட்ட உரையாடல் நூலும், லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்தர் 1596இல் வெளியிட்ட பயண நூலும், யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பல்தேயஸ் பாதிரியார் 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெருநூலும் அவ்வரிசையைச் சார்ந்தன.

இவ்வரிசையில் வைத்தெண்ணப்படும் நூல்களுள் ஒன்று மட்டும் ஏனையவற்றினின்றும் வேறுபட்டு நிற்கின்றது. கப்பலோட்டி ஒருவர் எழுதியது அது. வாணிகக் கழகம் ஒன்றிற்குக் காணிக்கையாக்கப்பட்டது. அறிவியற் கழகத்தாரின் ஆதரவில் வெளிவந்தது. எனினும் அந்நூலிற் கடல் மிகச் சிறிதளவே உண்டு. அதன் பெரும்பகுதி மலையையும் வயலையும் காட்டையும் பற்றியதே. அதுவே 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த, றொபேட் நொக்ஸ் என்பார் இயற்றிய இலங்கைத் தீவின் வரலாற்று விவரணம் ஆகும். அந்நூலின் தகுதி யாது, குறை யாது, மலைநாட்டுத் தமிழர் அதனைக் கற்க வேண்டுவது எதன்பொருட்டு என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையே புகைவண்டிப் பாதையில் அமைந்த வட்டகொடையில் நின்று நோக்குவார்க்கு, கடல் மிகத் தொலைவில் இருப்பதாகவே தோன்றும். ஆனால் அங்குள்ள தேயிலைச் சரிவுகளிற் பெய்யும் மழை, ஓடைகளாய் இறங்கிக் கொத்மலை ஓயாவை அடைந்து, மாவலி கங்கையிற் கலந்து, கண்டியைச் சூழ்ந்து வளைந்து, ஈற்றில் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் சென்று கடலிற் சேர்கின்றது. அந்தக் கொட்டியாரக் குடாவிலேதான் நொக்ஸின் கதை தொடங்கிற்று. ஆறு கடலை நோக்கி இறங்கிய வழிக்கு எதிராக, கடலிலிருந்து மலைக்கு ஏற்றப்பட்ட ஒருவரின் நூல் அது. அவர் கூறும் நாட்டுப் பிரிவுகளுள் கொத்மலையின் பெயரும் காணப்படுகின்றது. ஆதலின் அந்நூல் வட்டகொடை மாணவனுக்கு அயல்நாட்டு நூலன்று. தன் வீட்டு முற்றத்தைத் தேயிலை வருமுன் கண்டவர் எழுதிய நூலாகும்.

நொக்ஸின் தந்தை, அதே பெயருடையவர், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கழகத்தின் சேவையில் இருந்த ‘ஆன்’ என்னும் கப்பலின் தலைவர். 1658ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தினின்றும் புறப்பட்ட அக்கப்பல், 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே வீசிய புயலிற் பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் நிறுத்துதற்கும் இடையிலே சிறிது வாணிகஞ் செய்தற்கும் அது பரங்கிப்பேட்டை வணிகர் சிலரை ஏற்றிக்கொண்டு கொட்டியாரத்தை அடைந்தது. தமிழ்நாட்டுக் கரைக்கும் இலங்கைக் கரைக்கும் இடையே நிகழ்ந்த அன்றாட வாணிகத்தின் ஒரு கண்ணியாகவே அவ்வருகை அமைந்தது என்பது கருதத்தக்கது. அங்கே கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள், தலைவரையும் அவர் மகனையும் உள்ளிட்ட பதினாறு பேரை 1660இற் சிறைப்பிடித்து மலைநாட்டிற்குக் கொண்டுசென்றனர். அப்பொழுது மகனுக்கு வயது பத்தொன்பது. தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலால் மாண்டார். மகன் மீண்டு கடலைக் கண்டபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

சிறை என்றவுடன் சுவரும் விலங்கும் நினைவுக்கு வருதல் இயல்பு. நொக்ஸுக்கு வாய்த்த சிறை அத்தகையதன்று. கைதிகள் தனித்தனியே ஊர்களிற் பங்கிட்டு வைக்கப்பட்டனர், ஊரார் உணவளித்தனர், உடைக்கும் பிற தேவைகளுக்கும் அவரவரே வழிதேடல் வேண்டியதாயிற்று. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். பன்றியும் கோழியும் வளர்த்தார். நெல்லைக் கடனாகக் கொடுத்து நூற்றுக்கு ஐம்பது வீதம் பலிசை பெற்றார். எலதத்தை என்னும் ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டினார். சிறுபண்டங்களைச் சுமந்து வடக்கே ஊரூராய்த் திரிந்து விற்றார். தாம் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து, போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்திற் கிடைத்ததென்று முதியவர் ஒருவர் வைத்திருந்த ஆங்கில விவிலியத்தைப் பெற்ற நிகழ்ச்சி அந்நூலைக் கற்றார் எவரும் மறவாதது. இவ்வளவையும் விரித்துரைத்தல் கதைச்சுவை கருதியன்று. நூலின் உண்மைத்தன்மை இவற்றினின்றே பிறந்தது என்பதைக் காட்டுதற்கேயாம்.

நூல் நான்கு பகுதிகளை உடையது. முதலாவது நாட்டையும் அதன் விளைவுகளையும் விலங்குகளையும், இரண்டாவது அரசனையும் ஆட்சியையும், மூன்றாவது மக்களையும் அவர்தம் வழக்கங்களையும், நான்காவது ஆசிரியரின் சிறைவாழ்வையும் தப்பிவந்த வரலாற்றையும் பேசுகின்றன. தப்பி ஊர் திரும்பும் கடற்பயணத்திலேதான் நொக்ஸ் இவற்றை எழுதத் தொடங்கினார். 1680இல் இலண்டன் சேர்ந்தபின், அவருடைய உறவினரான ஜோன் ஸ்றைப் பாதிரியாரும், அரச கழகத்தின் சோதனைப் பொறுப்பாளராக விளங்கிய றொபேட் ஹூக்கும் கையெழுத்துப் படியைச் செப்பஞ்செய்ய உதவினர். நுண்ணோக்கியின் வழியே உண்ணியையும் தக்கையையும் கண்டு 1665இல் உலகிற்குக் காட்டிய அதே ஹூக் நூலுக்கு முன்னுரை வழங்கினார். இலண்டன் நகரின் பெருங்கோயிலை எழுப்பிய கிறிஸ்தோபர் றென் நூல் வெளியிடத்தக்கதென்று சான்று கூறினார். நூலோ கிழக்கிந்தியக் கழகத்தின் ஆட்சியாளருக்குக் காணிக்கையாயிற்று.

இம்மூன்று பெயர்களும் ஒருங்கு நிற்பது தற்செயலன்று. 1660இல் தோன்றிய அரச கழகம், தொலைநாடு செல்லும் மாலுமிகள் எவற்றை நோக்க வேண்டும், எங்ஙனம் குறிக்க வேண்டும் என்று அறிவுறுத்தும் விதிகளை 1666ஆம் ஆண்டிலேயே அச்சிட்டது. கடலோடிகள் கண்டவை அவர்களுடனேயே மாய்ந்துபோகின்றன என்பதும், அவற்றைக் கேட்டெழுதிக் காத்தல் அறிஞர் கடனென்பதும் ஹூக்கின் கருத்து. இக்கருத்து உயர்ந்ததே. ஆனால் அறிவுக்காக நாடப்பட்ட செய்தியே வாணிகத்துக்கும் வேண்டியதாயிருந்தது. எந்த ஆறு எங்கே பாய்கின்றது, கறுவா எங்கே வளர்கின்றது, அரசனுக்கு வருவாய் எது, குடிகள் அவன்மீது வைத்த மனம் எத்தகையது என்னும் வினாக்களை அறிவியலாரும் கேட்டனர், வணிகரும் கேட்டனர். நூலிற் சேர்த்த கண்டி நாட்டின் படம் இருவருக்கும் பயன்படுவது. ஒரே கண்ணுக்கு இருவகைப் பார்வை வாய்த்த நூல் என்று இதனைக் கூறலாம்.

முதலில் அதன் சிறப்பை நோக்குவோமாயின், நொக்ஸ் தம் கையால் செய்ததையும் தம் காலால் மிதித்ததையும் கூறுமிடங்கள் ஒப்புயர்வற்றன. மலைச்சரிவைப் படிபடியாக வெட்டி, மேலிருந்து நீரைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி நெல் விளைவிக்கும் முறையை அவர் விளக்குகின்றார். நெல்வகைகள் ஏழு மாதத்தில் முதிர்வதிலிருந்து மூன்று மாதத்தில் முதிர்வது வரை வரிசையாய் உள்ளன என்று கூறுபவர், அங்ஙனம் பலவகை வேண்டியதன் காரணத்தையும் உடன் ஆராய்கின்றார். நீர் மிகுதியாயுள்ள காலத்தில் நீண்டநாட் பயிரும், நீர் குறையுமென்று அஞ்சுங் காலத்தில் குறுநாட் பயிரும் விதைக்கப்படுகின்றன. வெவ்வேறு வகை விதைத்தோரும் ஒரே வெளியில் அறுவடையை ஒருங்கே முடிக்குமாறு காலங்கணித்துக் கொள்கின்றனர். உழவனைக் கல்லாதவன் என்று எண்ணும் கற்றோர் பலர் அக்காலத்தும் இருந்தனர், இக்காலத்தும் உளர். அந்தக் கணக்கிலே ஓர் அறிவு ஒளிந்திருப்பதைக் கண்டுகொண்டவர் நொக்ஸ்.

தாளிப்பனை ஓலை ஒன்றைப் பற்றி அவர் எழுதிய பகுதியும் அத்தகையதே. விசிறிபோல் மடக்கிக் கையில் எடுத்துச் செல்லத்தக்க அவ்வோலை விரிந்தால் பலரை மழையினின்றும் காக்கும் என்பதும், போர்வீரர்க்கு அதுவே கூடாரமாகும் என்பதும் வியப்போடும் அளவோடும் கூறப்படுகின்றன. கறுவா மரத்தின் பட்டையை மட்டும் அறிந்திருந்த ஐரோப்பியர்க்கு, அதன் இலையின் மணத்தையும், கனியைக் கொதிக்கவைத்து எடுக்கும் நெய் விளக்குக்குப் பயன்படுவதையும் அவர் அறிவித்தார். மழைக்காலத்துக் காட்டட்டைகளைப் பற்றிய குறிப்போ மலைநாட்டாரைப் புன்முறுவல் கொள்ளச் செய்யும். எலுமிச்சையும் உப்பும் துணியில் முடிந்து கோலிற் கட்டி, நடந்துகொண்டே காலில் ஒற்றி அட்டையை வீழ்த்தும் வழக்கத்தை அவர் பதிவு செய்துள்ளார். மழைநாளிற் கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்கள் அட்டைக்கு அஞ்சிக் காலிற் சவர்க்காரம் பூசுவதை அறிந்தோர், அவர் கண்ட மலை இதுவே என்று உடனே ஒப்புவர்.

இவ்விடங்களை அக்காலத்து வேறிரு முயற்சிகளோடு ஒப்பிட்டால் நொக்ஸின் தனித்தன்மை விளங்கும். பல்தேயஸ் பாதிரியார் 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தவர். அவருடைய நூல் ஐரோப்பியர்க்குத் தமிழெழுத்தையும் மொழியமைப்பையும் அச்சில் அறிமுகஞ்செய்த முந்திய நூல்களுள் ஒன்று. அவ்வகையில் தமிழர் நன்றிக்கு உரியது. எனினும் அது கோட்டையும் கோயிலும் கைவசமுள்ள ஆட்சியின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. போல் ஹெர்மன் என்னும் மருத்துவர் 1672 முதல் 1677 வரை ஒல்லாந்தர் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் இருந்து செடிகளை உலர்த்திச் சேர்த்தார். அச்சேகரமே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலுக்கு அடிப்படையாயிற்று. ஹெர்மன் கரையோரத்தில் இலையையும் பூவையும் தொகுத்த அதே ஆண்டுகளில், நொக்ஸ் மலைமேல் அவ்விலைகளை உண்டும் விற்றும் வாழ்ந்துகொண்டிருந்தார். ஒருவர் செடியின் வடிவை அறிந்தார். மற்றவர் செடியோடு மனிதர் கொண்ட உறவை அறிந்தார். அறிவியலுக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டாவது வகை அறிவு, விருந்தினனாக வந்து போவார்க்குக் கிட்டாது.

இதற்கு இன்னுமொரு சான்று உண்டு. 1689ஆம் ஆண்டு டிசம்பரில் ஹூக் அரச கழகத்தின் முன் கஞ்சாச் செடியைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அச்செய்தியை அவருக்கு அளித்தவர் நொக்ஸே. காட்டிலே கெட்ட நீரைக் குடிக்க நேர்ந்தபோது அதனால் வரும் கேட்டுக்கு மாற்றாக அவர் அதனைத் தாமே உண்டறிந்தவர். மலைநாட்டு ஊரார் அறிந்திருந்த ஒன்று, கைதியின் உடம்பு வழியாக இலண்டன் அறிஞர் அவைக்குச் சென்ற விதம் இது. அவ்வறிவைக் கற்பித்த ஊராரின் பெயர் அவ்வுரையில் இடம்பெறவில்லை என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

இனி அந்நூலின் குறைகளை நோக்குதல் நேர்மை. நொக்ஸின் எழுத்து, அவர் தம் வாழ்வால் அறியாதவற்றைப் பற்றிப் பேசும்போது தளர்கின்றது. இராசசிங்கனை அவர் பக்கமிருந்து பழகியவர் அல்லர். மன்னனின் ஆடை, கொடுமை, ஐயம் ஆகியவற்றைப் பற்றிய செய்திகளிற் பெரும்பாலன ஊரார் வாய்மொழியும் சக கைதிகளின் அச்சமும் சேர்ந்து பிறந்தவை. ஒல்லாந்தரைக் கரையில் தடுத்துநிறுத்தி, 1664இல் எழுந்த கிளர்ச்சியையும் கடந்து, 1687 வரை அரசைக் காத்த ஒருவனின் அரசியல் அறிவு அவ்விவரணத்தில் வெளிப்படவில்லை. தன் குடிகள் கடல்வாணிகஞ் செய்து செழிப்பதை அவன் விரும்பவில்லை என்று நொக்ஸ் குறைகூறுகின்றார். துறைமுகங்கள் யாவும் பகைவர் கையில் இருக்க, வாணிகம் என்பது அப்பகைவர்க்கு வழிதிறத்தல் ஆகுமென அம்மன்னன் கருதியிருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. சமயத்தைப் பற்றிய பகுதியிலும் வழிபாட்டின் புறச்செயல்களைக் கண்ட அளவு அதன் உட்பொருளை அவர் காணவில்லை. தம் கையால் நெல்லளந்தவர் நெல்லைப் பற்றிப் பிழைபடவில்லை. தாம் தொழாத கோயிலைப் பற்றிப் பிழைபட்டார்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அது நூலின் உள்ளே இல்லை, ஆசிரியரின் பிற்கால வாழ்வில் உள்ளது. விடுதலைபெற்ற நொக்ஸ், கிழக்கிந்தியக் கழகத்தின் ‘தொங்குயின் மேர்ச்சண்ட்’ என்னும் கப்பலுக்குத் தலைவரானார். மடகஸ்காரில் அடிமைகளை வாங்கிச் சென் ஹெலினாத் தீவுக்குக் கொண்டுசெல்லுமாறு கழகத்தார் பணித்தபோது அப்பணியை ஏற்றார். பத்தொன்பது ஆண்டுகள் தம் விருப்பின்றிப் பிறநாட்டில் நிறுத்திவைக்கப்பட்டவர், பிறரை அவர்தம் விருப்பின்றிக் கப்பலேற்றத் துணிந்தார். துன்பம் மனிதனைத் தானாகவே அறவோனாக்கிவிடாது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டுவதில்லை. கூர்ந்து நோக்கும் கண்ணும் பிறர் துயரை உணரும் நெஞ்சும் ஒன்றல்ல. வாணிகக் கணக்கில் மனிதனும் ஒரு பண்டமாக எழுதப்படும்போது, கண் கூர்மையாயிருந்தும் நெஞ்சு கணக்கின் வழியே சென்றுவிடுகின்றது. அக்காலத்து வழக்கம் அது என்று கூறி இதனைக் கடந்துவிடுவார் உளர். வழக்கம் என்பது விளக்கமாகுமேயன்றி நியாயம் ஆகாது.

நூலின் மிகச் சிறந்த பகுதி தப்பியோடிய வரலாறே. 1679 செப்டம்பர் 22ஆம் நாள், நொக்ஸும் ஸ்றீபன் றட்லண்ட் என்னும் தோழரும் சிறுவணிகராய்ப் புறப்பட்டு வடதிசை நோக்கினர். அநுராதபுரத்துச் சமவெளியை அவர்கள் அடைந்தபோது, அங்கு வாழ்ந்தோர் கண்டியரசனுக்குட்பட்டவராயினும் தமிழராய் இருந்ததையும், சிங்களம் கற்ற தமக்கு அவர்களோடு பேசுதல் அரிதானதையும் நொக்ஸ் குறித்துள்ளார். அதன்பின் மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றி, யானைகள் திரியும் காட்டினூடே மேற்கே சென்று, அக்டோபர் 18ஆம் நாள் மன்னாருக்குத் தெற்கே ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர். அந்நாள்களின் நடை, நீர், உணவு, அச்சம் ஆகியவை மிகையின்றி எழுதப்பட்டுள்ளன. டானியல் டீபோ 1720இல் வெளியிட்ட கப்டன் சிங்கிள்டன் என்னும் புனைகதையில் இவ்வரலாற்றைச் சுருக்கிச் சேர்த்துக்கொண்டார். அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த றொபின்சன் குரூசோவுக்கும் இது தூண்டுகோலாயிற்று என்று கருதும் ஆய்வாளரும் உளர்.

அரிப்பு என்னும் அவ்வூர்ப்பெயர் மலைநாட்டுத் தமிழரின் நெஞ்சில் வேறொரு நினைவை எழுப்பல் வேண்டும். 1815இற் கண்டியரசு ஆங்கிலேயர் கைப்பட்டது. 1820களிற் கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. அவற்றில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர், சிறு தோணிகளில் பாக்குநீரிணையையும் மன்னார்க் கடலையும் கடந்து தலைமன்னார், அரிப்பு முதலிய துறைகளில் இறங்கினர். அங்கிருந்து வன்னிக் காட்டினூடே கால்நடையாகத் தெற்கே நடந்து மாத்தளையை அடைந்து மலையேறினர். நொக்ஸ் உயிர்காக்க இறங்கிய திசைக்கு நேரெதிராக, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின், ஆயிரமாயிரம் பேர் உயிர்வாழ ஏறினர். நொக்ஸ் அஞ்சிய அதே காய்ச்சலும் நீரின்மையும் விலங்கும் அவர்களுக்கும் நேர்ந்தன; வாந்திபேதி அவற்றோடு சேர்ந்துகொண்டது. வழியில் வீழ்ந்தோர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்போக்குவரத்துத் தொடங்கும் முன்னரே அந்நடைவழி தேய்ந்து மறைந்தது.

இருவர் நடந்த வழிக்கு ஒரு நூல் உண்டு. ஆயிரமாயிரம் பேர் நடந்த வழிக்கு அவர்களே எழுதிய நூல் ஒன்றில்லை. ஏன்? நொக்ஸுக்கு எழுத்தறிவு இருந்தது. ஊர் திரும்பக் கப்பல் இருந்தது. கேட்டெழுதக் காத்திருந்த அறிஞரும், அச்சிடும் பதிப்பாளரும், வாங்கிக் கற்கும் வணிகரும் இருந்தனர். மலையேறிய தொழிலாளிக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. அவரைப் பற்றி எழுதப்பட்டவை தோட்டக் கணக்கேடுகளும் அரசாங்க அறிக்கைகளுமே. அவற்றில் அவர் ஆளாகவன்று, எண்ணாகவே நின்றார். 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி தமிழிலே தோன்றிய தோட்டத்தொழில் நூல் என்ற வகையிற் போற்றத்தக்கது. ஆயினும் அது பயிரின் வளத்தையும் தோட்டத்தின் ஒழுங்கையும் மேலிருந்து நோக்கிப் பாடுவதேயன்றி, கூடை சுமந்தவரின் தோளிலிருந்து பாடுவதன்று.

எழுத்தில்லாமை வெறும் இலக்கியக் குறை என்று எண்ணுதல் தவறு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், ஒருவர் இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது, அவர் தந்தையேனும், அன்றேற் பாட்டனும் பூட்டனுமேனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்று வகுத்தது. பிறப்பைப் பதியும் வசதியே அரிதாயிருந்த லயங்களில் அதற்குச் சான்று காட்ட இயன்றோர் மிகச் சிலர். மூன்று தலைமுறை மண்ணைப் பண்படுத்தியோர், ஒரு தாளைக் காட்ட இயலாமையால் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்கு அக்குறை நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. தன் வாழ்வைத் தானே எழுதிவைக்காத மக்கட்கூட்டம், பிறர் எழுதிய ஏட்டிலே தன் உரிமையைத் தேடி அலைய நேரும் என்பதற்கு இவ்வரலாறே சான்று.

ஆயினும் அம்மக்கள் ஊமையராய் இருந்தாரல்லர். நொக்ஸுக்குத் தாளும் மையும் செய்த பணியை அவர்களுக்குப் பாட்டுச் செய்தது. கடல் கடந்த அச்சம், நடைவழித் துயரம், கங்காணியின் கடன், கொழுந்தின் நிறுவை, பிள்ளைத் தாலாட்டு, இறந்தோர்க்கு ஒப்பாரி ஆகிய யாவும் வாய்மொழியாய் வழங்கின. வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றஞ் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தேடித் தொகுத்து, மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்னும் நூலாக்கினார். கேட்டெழுதிக் காத்தல் அறிஞர் கடனென்ற ஹூக்கின் கொள்கையை அரச கழகத்தின் துணையின்றி, தன் மக்களின் பக்கத்தில் நின்று நிறைவேற்றியவர் அவர். நொக்ஸின் நூலை இடக்கையிலும் வேலுப்பிள்ளையின் தொகுப்பை வலக்கையிலும் வைத்துக் கற்பவனுக்கே மலைநாட்டின் வரலாறு முழுமையாய் விளங்கும்.

நொக்ஸ் தம் நூலோடு நின்றுவிடவில்லை. அச்சிட்ட படியின் இடையிடையே வெற்றுத்தாள் சேர்த்து, 1720இல் இறக்கும்வரை திருத்தமும் புதுச்செய்தியும் தன்வரலாறும் எழுதிவந்தார். ஒக்ஸ்போட் நகரின் போட்லியன் நூலகத்தில் இருந்த அத்தன்வரலாறு 1910இற் கண்டறியப்பட்டு அடுத்த ஆண்டில் அச்சேறிற்று. ஆசிரியர் கைப்படச் சேர்த்த குறிப்புகளை உள்ளடக்கிய விரிவான பதிப்பு 1989இல் இலங்கையிலேயே வெளிவந்தது. எழுதியதை முடிந்த முடிபாகக் கொள்ளாது, அறிந்தது பெருகுந்தோறும் திருத்திக்கொண்டே சென்ற இப்பண்பு கற்போர் பின்பற்றத்தக்கது. 1681இன் முதற்பதிப்பு இன்று அரும்பொருள் சேர்ப்போர் போற்றும் விலைமதிப்புள்ள நூல். ஆனால் நூலின் அருமை அதன் படிகள் குறைந்தமையால் வருவதன்று. பூட்டிய பேழையில் ஒரு படி இருப்பதினும், வகுப்பறையில் மறுபதிப்பு ஒன்று கையழுக்குப் படிந்து கிழிதல் அந்நூலுக்குப் பெருமையாகும்.

முடிவாக ஒன்று கூறலாம். நொக்ஸின் நூல் அதன் ஆசிரியர் உழைத்து அறிந்த இடங்களில் உண்மை. கேட்டறிந்த இடங்களில் ஐயம். கழகத்தின் கணக்கிற்காக எழுதிய இடங்களில் எச்சரிக்கையோடு கொள்ளத்தக்கது. இந்த அளவுகோல் அவருக்கு மட்டும் உரியதன்று. மலைநாட்டைப் பற்றி யார் எழுதினும் அவர்க்கும் உரியதே. மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் அயலான் ஒருவன் நெல்லின் நாளையும் அட்டைக்கு மருந்தையும் ஊன்றிக் கேட்டு எழுதிவைத்தான். அதே மலையிற் பிறந்த மாணவன், தன் பாட்டி எந்தத் துறையில் இறங்கினாள், எவ்வழியே நடந்தாள், எந்த மலையில் முதற்கூடையை இறக்கினாள் என்று கேட்டு எழுத இன்னும் காலங் கடந்துவிடவில்லை. கேட்பதற்கு அவள் வழிவந்தோர் இருக்கும்வரையில் அப்பணி இயலும், அதன்பின் இயலாது.